பார்த்த மிருகமா, பட்டியலில் இருக்கிற மிருகமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு (2014) விதிப்புத்தகத்தில் ட்ரூயிட்களுக்கு 'வைல்ட் ஷேப்' என்றொரு சக்தி உண்டு. மிருகமாக உருமாறலாம். ஆனால் ஒரு சின்ன நிபந்தனை: தான் முன்பு கண்ணால் பார்த்த மிருகமாகத்தான் மாற முடியும். லாரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இதே விதிகளின் கணினி வடிவம்தான். அதில் இந்த நிபந்தனை இல்லை. பெரிய இழப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்.

கேமில் இரண்டாம் லெவல் வந்ததும் பூனை, ஓநாய், பேட்ஜர், சிலந்தி என்று பட்டியல் தானாகவே கைக்கு வந்துவிடும். லெவல் ஏற ஏற பட்டியலும் நீளும். மேஜையில் ஆடும்போது நிலைமை வேறு. எந்தக் காட்டில் எதைப் பார்த்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ட்ரூயிட்டின் பலமே அவள் சுற்றிய ஊர்களில்தான் இருக்கிறது.

பட்டியல் ஏன் சின்னதாக இருக்கிறது என்பது புரிகிறது. நானும் மென்பொருள் எழுதுகிறவன்தான். மேஜையில் "நான் நீர்நாயாகிறேன்" என்று சொன்னால் போதும், மீதியை ஆட்டத்தை நடத்துபவர் பார்த்துக்கொள்வார். கணினியில் ஒவ்வொரு மிருகத்துக்கும் உடல் வேண்டும், நடை வேண்டும், சண்டை போடும் அசைவு வேண்டும். அதனால் பத்துப் பன்னிரண்டோடு நிறுத்தியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பத்தையும் "பார்த்தால்தான் கிடைக்கும்" என்று வைப்பதற்கு ஆகும் செலவு என்ன? ஒரு உருவத்துக்கு ஒரு ஃபிளாக். அவ்வளவுதான்.

ஆந்தைக்கரடியை (அவுல்பேர்) எடுத்துக்குங்க. மூல விதிப்படி அது சாதாரண மிருகமே கிடையாது, விசித்திர ஜந்து. அதனால் ட்ரூயிட் அதுவாக மாற முடியாது. லாரியன் இந்த விதியை மீறி அனுமதித்தது. அதே ஆண்டு வந்த 'ஹானர் அமங் தீவ்ஸ்' படத்திலும் டோரிக் ஆந்தைக்கரடி ஆகிறாள். இந்த மீறல் எனக்குப் பிடிக்கும். கேமின் முதல் பகுதியிலேயே ஒரு குகையில் தாய் ஆந்தைக்கரடியும் குட்டியும் இருக்கின்றன. அந்தத் தாயை நேருக்கு நேர் பார்த்தவர்களுக்கு மட்டும் அந்த உருவம் கிடைத்திருந்தால், பிறகு ஒவ்வொரு முறை மாறும்போதும் அந்தக் குகை ஞாபகம் வந்திருக்கும். இப்போதோ குகைப் பக்கமே போகாதவருக்கும் லெவல் வந்தால் கிடைத்துவிடுகிறது.

'பாலிமார்ஃப்' மந்திரத்தின் கதி இன்னும் மோசம். வைல்ட் ஷேப்பில் உடல்தான் மாறும், புத்தி ட்ரூயிட்டுடையதாகவே இருக்கும். பாலிமார்ஃபில் புத்தியும் மாறும். ஏழாம் லெவல் நண்பனை ராட்சதக் குரங்காக்கினால் அவனுக்கு 157 ஹிட் பாயிண்ட் கிடைக்கும், ஆனால் அறிவு 7-க்கு இறங்கிவிடும். உயிர் தப்பலாம், அதற்கு விலை புத்தி. மேஜையில் எத்தனையோ நல்ல காட்சிகள் பிறப்பது இந்தப் பேரத்தில்தான். பால்டர்ஸ் கேட் 3-இல் பாலிமார்ஃப் என்றால் செம்மறி ஆடு, வேறு எதுவும் இல்லை. எதிரியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்க உதவும். பேரமும் போச்சு, பயமும் போச்சு.

நியாயமாகச் சொல்லணும்னா, கேம் கூட்டிச் சேர்த்ததும் உண்டு. பூனையானால் மனித உடல் நுழையாத சின்னப் பொந்துகளில் புகுந்து போகலாம், மியாவ் என்று கத்திக் காவலாளியின் கவனத்தைத் திருப்பலாம். மிருக உருவில் இருக்கும்போது தனி மந்திரம் இல்லாமலே மற்ற மிருகங்களோடு பேசலாம். இங்கே உருவம் வெறும் ஆயுதம் இல்லை, உலகத்தையே வேறு உயரத்தில் இருந்து பார்ப்பது.

எல்லாவற்றிலும் சிறந்த உருமாற்றக் காட்சி, நாம் மாறாத ஒன்று. காப்ளின் முகாமில் ஒரு கரடி கூண்டில் கிடக்கிறது, சிறுவர்கள் கல் எறிகிறார்கள். நாம் தேடி வந்த ட்ரூயிட் ஹால்சின் அந்தக் கரடிதான். மிருக உடலுக்குள் ஒரு மனசு இருக்கிறது என்பதை எந்த எண்ணும் இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை. கதை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. விதிகளைக் கோடாக்கியவர்களின் மேஜைக்கு அது போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.