பாலு மகேந்திரா நம்மை நிறுத்தும் இடம்

பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் சொக்கலிங்க பாகவதர், பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கக் குடையும் கையுமாக வெயிலில் புறப்படுகிறார். சுவர்கள் எழும்பியிருக்கின்றன, வேலை முடியவில்லை. கிழவர் உள்ளே போகிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், தடவிப் பார்க்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும் கூட வருகிறது. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பும் வழியிலேயே அவர் உயிர் போய்விடுகிறது.

எத்தனை தடவை பார்த்தாலும் இந்தக் காட்சி என்னை உலுக்குகிறது. ஆனால் அழவைப்பதற்கென்று வழக்கமாகச் செய்யும் எதையும் கமரா இங்கே செய்யவில்லை. முகத்தின் சுருக்கங்களுக்குள் புகுந்து துழாவவில்லை, கீழே படுத்து அவரைப் பெரியவராக்கவும் இல்லை. அவர் நடக்கும் வேகத்துக்கு நடக்கிறது, நின்றால் நிற்கிறது. வேலிக்கு அப்பால் நிற்கும் அயலவர் ஒருவர் எவ்வளவு தூரத்தில் நிற்பாரோ அவ்வளவு தூரம். கிட்டப் போய்க் கையைப் பிடிக்க நமக்கு உரிமையில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. ஒரு படம் பார்வையாளனை எங்கே நிறுத்துகிறது என்பதில்தான் அதன் அறம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்த இடத்தைப் பாலு மகேந்திரா அளவுக்கு யோசித்துத் தேர்ந்தெடுத்த ஒளிப்பதிவாளர் தமிழில் குறைவு.

அவர் எங்கள் ஊர்க்காரர். 1939இல் மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்தவர். மாமாங்கேஸ்வரர் கோயிலும் தீர்த்தக் குளமும் உள்ள அதே அமிர்தகழி, வாவி எட்டிப் பார்க்கும் தூரம். மட்டக்களப்பில் படித்து, கொழும்பில் வேலை பார்த்து, பிறகு பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். ‘வீடு’ தன் அம்மாவின் கதை என்று அவர் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் வீட்டில் கட்டட வேலை தொடங்கியதிலிருந்து அம்மாவின் சிரிப்பு எப்படிக் காணாமல் போனது என்பதை அவர் மறக்கவேயில்லை. ஆகவே சென்னையில் எடுத்து 1988இல் வெளிவந்த அந்தப் படத்தில் நாம் நிற்கும் இடம், அம்மாவை ஓரமாக நின்று பார்த்த ஒரு மட்டக்களப்புச் சிறுவனுடையது. பேத்தியாக வரும் அர்ச்சனாவின் முகத்தில் கவலை ஏறிக்கொண்டே போவதைக் கமரா அவசரப்படாமல் கவனிப்பதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அவருடைய வெளிச்சத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் விளக்குகள் மேலே பரணிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். நட்சத்திரத்தின் தலைமுடியைச் சுற்றிப் பின்னாலிருந்து இன்னொரு விளக்கு கோடு போடும். அந்தக் கோடு பார்வையாளனுக்கு இடும் கட்டளை ஒன்றுதான்: இவரை மட்டும் பார். பாலு மகேந்திரா ஜன்னலைத் திறந்துவிட்டார். ஜன்னலால் வரும் வெளிச்சம் போதாதபோது, செயற்கை ஒளியை வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பச் செய்தார். திரும்பிவரும் ஒளிக்கு ஓரம் கிடையாது, நிழலும் மெதுவாகத்தான் கரையும். இந்த முறைக்கு இந்தியாவில் வழி திறந்தவர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் போட்டபோது, வானத்து வெளிச்சம் கிடைப்பதற்காக மேலே வெள்ளைத் துணியைக் கட்டி அதில் விளக்கைப் பட்டுத் தெறிக்கவிட்டார். 1956இல் அது புதுமை. அதைத் தமிழ் வெகுசனப் படத்துக்குள் கொண்டுவந்து, அலங்காரமற்ற முகங்களின் மேல் விழவைத்ததில் பாலு மகேந்திராவின் பங்கு பெரியது. அந்த வெளிச்சத்தில் கதாநாயகிக்கும் சித்தாளுக்கும் ஒரே மரியாதைதான். யாரைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கு உத்தரவு வராததால், நாமாகவே தேடிப் பார்க்கத் தொடங்குகிறோம். ‘வீடு’ படத்தில் சித்தாள் மங்கம்மாவாக வரும் சத்யாவை நாம் மறக்காமலிருப்பதற்கு நடிப்போடு இந்த ஒளிக்கும் பங்குண்டு.

இந்த மென்மை எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு துணிபு இருக்கிறது. அவர் சொன்னதல்ல, நானே வைத்திருப்பது. எழுவான்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பி, வாவிக்கு மேலால் கடந்து, படுவான்கரை வயல்களுக்குப் பின்னால் இறங்கும். உச்சி வெயிலைத் தண்ணீர் பெரும்பாலும் விழுங்கிவிடும். சாய்வாக விழும் காலை வெயிலையும் மாலை வெயிலையும்தான் அது நிறையத் திருப்பி அனுப்பும். அந்த நேரத்தில் தோணியில் வலை இழுப்பவரின் முகத்தைப் பாருங்கள். வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது, புருவத்தின் கீழே இருட்டு இல்லை, தாடையின் நிழல் பாதியாகிவிடுகிறது. வெள்ளைத் துணியும் விளக்கும் செய்யும் வேலையை வாவி சும்மாவே செய்கிறது. வெளிப்புறக் காட்சிகளுக்குக் காலையையும் மாலையையும் நாடிய ஒருவருக்கு முதல் பாடம் இந்தக் கரையில்தான் நடந்திருக்கும் என்று எண்ண எனக்குப் பிடித்திருக்கிறது.

‘முள்ளும் மலரும்’ (1978) அவர் தமிழில் ஒளிப்பதிவு செய்த முதல் படம், இயக்கம் மகேந்திரன். அதில் ரஜினிகாந்த் ஏற்ற காளி முரடன், விஞ்ச் ஓட்டுபவன். ரஜினிகாந்தைப் பின்னாளில் எத்தனையோ கமராக்கள் தரையில் கிடந்து அண்ணாந்து பார்த்தன. இங்கே காளி நம் கண்ணின் உயரத்திலேயே நிற்கிறான். அதனால்தான் அவனுடைய கோபம் நமக்குப் பயமூட்டுகிறது, அவனுடைய பாசம் நம்மைக் கரைக்கிறது. அண்ணாந்து பார்த்தால் இரண்டும் சாகசமாகிவிட்டிருக்கும்.

‘மூன்றாம் பிறை’யின் (1982) முடிவைப் பற்றி எல்லோரும் கமலின் நடிப்பை வைத்தே பேசுகிறார்கள். அது நியாயம்தான், தேசிய விருதும் கிடைத்தது. ஒளிப்பதிவுக்கும் அதே ஆண்டு கிடைத்ததை நினைப்பவர் குறைவு. நீலகிரியின் கேத்தி ரயில் நிலையம். நினைவு திரும்பியதில் சீனுவை (கமல்) மறந்துவிட்ட விஜி வண்டிக்குள் ஜன்னலோரம் இருக்கிறாள். சீனு அடிபட்டு, சேறு பூசிய உடம்போடு நொண்டி நொண்டி ஓடிவருகிறான். ஷொட்கள் ஜன்னலுக்கும் மேடைக்கும் மாறி மாறிப் போகின்றன. மேடையில் நிற்கும்போது நாம் சீனுவின் ஆட்கள், அவன் யார் என்பது நமக்குத் தெரியும். ஜன்னலுக்குப் போனதும் விஜியின் கண் நமக்கு வந்துவிடுகிறது. அங்கே தெரிவது பிச்சை கேட்கும் ஒரு பைத்தியக்காரன். அவளைச் சிரிக்கவைக்க முன்பு ஆடிய அதே குரங்காட்டத்தைத் தலையில் பானையோடு அவன் இப்போது ஆடுகிறான். முன்பு அதைப் பார்த்து நாமும் சிரித்தோம். அசைவு ஒன்றுதான், பார்க்கும் இடம் மாறிவிட்டது, அதோடு பொருளும் மாறிவிட்டது. எல்லாம் தெரிந்த நாம் எதுவும் தெரியாத ஒருத்தியின் கண்ணால் பார்க்க நேர்வதில்தான் அந்த வலி இருக்கிறது. அவளைக் குறைசொல்லவும் முடியவில்லை. வில்லன் இல்லாமல், குற்றவாளி இல்லாமல், இரண்டு பார்வைக் கோணங்களை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய துயரத்தைக் கட்டியிருக்கிறார்.

அந்தக் காட்சியில் கொட்டும் மழை திட்டத்தில் இருந்ததல்ல, பெய்தபோது அதையே காட்சியாக்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். பாடசாலைச் சுற்றுலாவில் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்த கதையை அவர் பேட்டிகளில் சொல்வார். ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957) கித்துல்கலைப் பக்கம் எடுக்கப்பட்ட படம். லீன் “மழை” என்று சொன்னாராம், மழை பெய்ததாம். சினிமா இயக்குநராவது என்று அந்தச் சிறுவன் முடிவெடுத்தது அப்போதுதான். கட்டளைக்குப் பெய்த மழையில் மயங்கியவர், கட்டளையில்லாமல் பெய்த மழையைத் தன் மிகச் சிறந்த காட்சிக்குள் எடுத்துக்கொண்டார்.

அவருடைய எல்லாப் படங்களும் எனக்கு ஒன்றல்ல. மலைப்பனியும் எதிர்வெயிலுமாக வரும் சில பாடல் காட்சிகளில் அழகு அளவுக்கு மிஞ்சி, கதையின் மனிதர்கள் அதற்குள் காணாமல் போகிறார்கள். ‘நீங்கள் கேட்டவை’யில் நிறுத்திப் பார்க்க எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டும் நிற்கும் உயரத்தில் அவையும் நிற்பதாகச் சொன்னால் அது அன்பே தவிர ரசனை ஆகாது.

கடைசிப் படமான ‘தலைமுறைக’ளை (2013) எழுபது தாண்டிய வயதில் சிறிய டிஜிட்டல் கமராவில் எடுத்தார். தாத்தா வேடத்தில் அவரே நடித்தார். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பேரனும் தமிழ் மட்டும் தெரிந்த தாத்தாவும் ஒருவரை ஒருவர் பழகிக்கொள்ளும் அந்தப் படத்தில் கருவி மாறியிருந்தது, தூரம் மாறவில்லை. மறுவருடம் பெப்ரவரியில் அவர் காலமானார்.

இப்போது மட்டக்களப்பைப் பற்றி வரும் காணொளிகளில் முக்கால்வாசி ட்ரோனில்தான் தொடங்குகின்றன. வாவி வரைபடம் போலத் தெரிகிறது, புளியந்தீவு பச்சைத் துண்டாகத் தெரிகிறது. அழகுதான். ஆனால் அந்த உயரத்தில் எங்கள் ஊரில் யாரும் நிற்பதில்லை. அங்கிருந்து பார்க்கும்போது யாருடைய கவலையும் கண்ணுக்குத் தெரியாது. கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் கெட்டிக்காரர்கள். கல்லடிப் பாலத்தை, அதில் மாலை வெயிலில் சைக்கிள் உருட்டிக்கொண்டு போகும் ஒருவரின் தோள் உயரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தை அவர்களிடம்தான் நான் எதிர்பார்த்திருக்கிறேன்.