ஜெபத்துக்கு நேரம்: ஒரு காப்பியமும் சில கீர்த்தனைகளும்

போன வருஷம் எங்கள் அப்பா காலமானார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மும்பை வந்தவர். சயானில் ஒற்றை அறையில் குடியிருந்த காலத்திலும், பிறகு சொந்த வீடு வாங்கிய காலத்திலும், விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு கீர்த்தனை பாடாமல் அவருக்குப் பொழுது விடிந்ததில்லை. அடக்கத்துக்கு முந்தின இரவு ஜெபத்தில் சபையார் அதே பாட்டை எடுத்தார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். தாத்தா தினமும் பாடிய பாட்டில் இரண்டாவது வரி அவர்களுக்குத் தெரியவில்லை. தப்பு அவர்கள் பேரில் இல்லை. இடையில் நின்ற நான் அதைப் பாடவில்லை, கேட்டால், "எங்கே சார் நேரம் இருக்கு?" என்பேன்.

காலையில் டிபன் டப்பா கட்டி, பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றி, லோக்கல் ரயிலில் நசுங்கி ஆபீஸ் போய் ராத்திரி எட்டரைக்குத் திரும்புகிறவருக்கு இது வெறும் சாக்கு அல்ல. இந்தக் கேள்வியைப் போதகரிடம் கேட்டால் ஒரு பதில் வரும். நான் தமிழ் படித்தவன். ஆகவே நம் கிறிஸ்தவ இலக்கியத்திடம் கேட்டுப் பார்த்தேன். தினசரி ஜெபத்துக்கு அது என்ன செய்திருக்கிறது? எது வீட்டுக்குள் வந்தது? எது அலமாரியோடு நின்றுவிட்டது?

முதலில் ஒரு சின்னப் புத்தகம். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. போர்ச்சுக்கீசிய மூலத்திலிருந்து ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழாக்கியது. மொத்தமே 16 பக்கம். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் என்று நாம் பெருமையடித்துக்கொள்வது இதைத்தான். அந்த முதல் நூல் காப்பியமும் அல்ல, இலக்கணமும் அல்ல. சாதாரண ஜனங்கள் விசுவாசத்தையும் ஜெபத்தையும் கற்றுக்கொள்வதற்கான கையடக்கப் புத்தகம். அச்சானதும் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே. வெளிமாநிலத் தமிழர்களான நமக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு.

அடுத்து பெரிய புத்தகம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்'. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' கதையைத் தழுவி ஐந்து பருவங்களில் 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களாகப் பாடினார். 1894-ல் நூலாக வந்தது. இதை ஒப்பிட்டுப் படிக்கிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு வித்தியாசம் உண்டு. பனியன் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தவர். விடுதலை இல்லை, நேரம் இருந்தது. கிருஷ்ணபிள்ளையோ குடும்பஸ்தர், தமிழாசிரியர். வேலைக்குப் போய்வந்த மனுஷர், நம்மைப் போல.

அவர் எப்படி நேரம் கண்டார்? அந்தக் காப்பியம் 'நற்போதகம்' என்ற மாதப் பத்திரிகையில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்தது. பதின்மூன்று ஆண்டு என்றால் 156 மாதம். முழுக் காப்பியத்தையும் அந்த மாதங்களுக்குப் பங்கிட்டுப் பார்த்தால் மாதத்துக்குச் சுமார் 24 பாட்டு வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டுகூட இல்லை! 'கிறிஸ்தவக் கம்பர்' என்று நாம் கொண்டாடுகிறவரின் அளவு அவ்வளவுதான். நாமோ ஒரு மணி நேரம் கிடைத்தால்தான் ஜெபம் என்று காத்திருந்து, அந்த ஒரு மணி கிடைக்காமல், ஐந்து நிமிஷத்தையும் விட்டுவிடுகிறோம்.

காப்பியத்தின் அமைப்பிலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே 'இரட்சணிய தேவாரம்' என்ற பண்ணோடு கூடிய பதிகங்களை வைத்திருக்கிறார். காப்பிய ஓட்டத்துக்கு இது தடை என்று ஒரு விமர்சகர் சொல்லலாம். கதைச் சுவையை மட்டும் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் அந்தத் தடையில்தான் நூலின் உயிர் இருக்கிறது என்பது என் கட்சி. யாத்திரிகன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு பாடலாம் என்று ஒத்திப்போடவில்லை. வழியிலேயே நின்று பாடுகிறான். "ரிட்டயர் ஆனதும் ஜெபத்துக்கு உட்காருவேன்" என்று சொல்லும் நமக்கு, காப்பியத்தின் கட்டுமானமே பதில் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு குறையையும் சொல்லவேண்டும். இந்தக் காப்பியம் நம் வீட்டு ஜெபத்துக்குள் வரவில்லை. நடை அப்படி. கம்பன் பழக்கமில்லாதவர்களுக்கு உரையில்லாமல் நாலு பாட்டு தாண்டாது. இன்றைக்குப் பலருக்கும் அது பாடப்புத்தகத்தில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன பகுதி. தினசரி நேரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவை கீர்த்தனைகள்தான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் நண்பர். குறவஞ்சி, தச்ச நாடகம், கும்மி என்று ஜனங்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த உருவங்களையே எடுத்துக்கொண்டார். எழுத்துத் தெரியாத பாட்டியும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடலாம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். கைவேலையோடு வாய் பாடும். காப்பியத்தின் உயரம் கீர்த்தனைக்கு இல்லை. ஆனால் அது அடுப்படி வரைக்கும் வந்தது.

இன்றைக்கு நம் வீடுகளில் இருப்பது தினத் தியானப் புத்தகம். ஒரு வசனம், ஒரு குட்டிக்கதை, மூன்று வரி ஜெபம். வெளிமாநிலத்தில் பல குடும்பங்களில் தினமும் படிக்கப்படும் தமிழ் இது ஒன்றுதான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் பலவற்றில் மொழிபெயர்ப்பு வாடை. படித்தோம், தேதியைக் கிழித்தோம் என்று ஆகிவிடுகிறது. செல்போனில் வரும் வசனமோ இன்னும் மோசம்: படிப்பதற்கு முன்பே நாலு பேருக்கு அனுப்பியாகிவிடுகிறது! நேரம் மிச்சம்தான். மனதில் நிற்பது என்ன?

"ஏன் தமிழ் தமிழ் என்கிறீர்கள்? ஆண்டவருக்கு மராத்தி தெரியாதா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. இதே மகாராஷ்டிரத்தில் நாராயண் வாமன் திலக் (1861–1919) அபங்க மெட்டில் கிறிஸ்தவப் பாடல்கள் பாடினார். அவர் முடிக்காமல் விட்ட 'கிறிஸ்தாயன'த்தை அவர் மனைவி லக்ஷ்மிபாய் பாடி முடித்தார். நம் பிள்ளைகள் அதைப் பாடினால் எனக்குச் சந்தோஷமே. என் வருத்தம் வேறு. எங்கள் பிள்ளைகள் மராத்தியிலும் பாடவில்லை, தமிழிலும் பாடவில்லை.

தானியேலை நினைத்துக்கொள்கிறேன். பாபிலோனில் பெரிய உத்தியோகம். தேசத்து அதிகாரிகள் மேல் விசாரணை செய்கிற பதவி. நேரமில்லை என்று சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? ஆனாலும் எருசலேமுக்கு நேராக ஜன்னலைத் திறந்து தினம் மூன்று வேளை ஜெபித்தார். வெளியூரில் வேலை பார்த்தவரின் ஜெபம் அது. அங்கேயே வாழ்ந்தார், அங்கேயே உழைத்தார், ஜன்னலை மட்டும் மூடவில்லை.

அப்பாவின் பழைய கீர்த்தனைப் புத்தகத்தை இப்போது சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறோம். ராத்திரி சாப்பிட்டு எழுவதற்கு முன் ஒரு பாட்டு, சின்ன ஜெபம். ஏழு நிமிஷம் ஆகிறது. முதல் மாதம் நாலு நாள்தான் நடந்தது. போன மாதம் பதினாறு நாள். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வேகமாக வராததால் வரிகளை நான் சொல்லச் சொல்ல அவர்கள் பாடுகிறார்கள். அப்பாவின் பாட்டில் இரண்டாவது வரி வந்துவிட்டது. இந்த வாரம் மூன்றாவது.