கருவியா, கருத்தாவா: ஒரு கார்க் கையேட்டை வாசித்தல்

மூன்றாம் வேற்றுமை நடத்தும் நாளில் வகுப்பு கொஞ்சம் கலகலப்பாகிவிடும். ‘ஆல்’ என்னும் ஒரே உருபு கருவிக்கும் வருகிறது, கருத்தாவுக்கும் வருகிறது. வாளால் வெட்டினான் என்றால் வாள் கருவி. கருத்தாவிலும் இரண்டு வகை உண்டு. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்னும்போது அரசன் கல் சுமக்கவில்லை, ஆணையிட்டான்; அவன் ஏவுதல் கருத்தா. தச்சனால் செய்யப்பட்ட தேர் என்றால் தச்சனே கைப்படச் செய்தான். அவன் இயற்றுதல் கருத்தா. ‘ஓடு’ வந்தால் உடனிகழ்ச்சி, அதாவது கூடவே வந்தவர்.

இந்தப் பாகுபாடு மனத்தில் ஓடியதால்தான் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புத்தகத்தைக் கடைசிவரை வாசித்தேன். போர்ஷே 911 காருக்கு வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய 101 வேலைகளைச் சொல்லும் ஆங்கிலக் கையேடு. எழுதியவர் வேய்ன் டெம்ப்சி, வந்தது 2001இல். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. (என்னிடம் இருப்பது ஸ்கூட்டர்.) ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, என்னென்ன கருவி, எந்த அளவுக்குத் திறமை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது.

பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு ஆசை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் தயாரான இந்தக் காரை விலை கொடுத்து வாங்கியவர் அரசன். பணிமனைக்கு அனுப்பிவிட்டு ஏவுதல் கருத்தாவாகவே இருந்துவிடலாம். அவரோ தச்சனாக விரும்புகிறார். இந்த ஆசை ஏன் ஆணின் ஆசையாகவே எழுதப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. இவ்வகை எழுத்தில் (டெம்ப்சியை மட்டும் சொல்லவில்லை) மனைவி தலைகாட்டும் இடங்கள் குறைவு. வாங்கிக் குவித்த கருவிகளின் விலையை அவளிடம் மறைப்பதாக ஒரு நகைச்சுவை வரும். பிரேக் எண்ணெயில் காற்றெடுக்கும்போது பெடலை மிதிக்க, இருட்டான இடத்தில் டார்ச் பிடிக்க அவள் வருவாள். காரில் உடனிகழ்ச்சி, கொட்டகையில் கருவி.

இதற்குச் சொல்லாமல் சொல்லப்படும் காரணம் உடல் வலிமை. கருவிப் பட்டியலைக் கவனமாக வாசித்தால் அந்தக் காரணம் நிற்காது. 911இன் சக்கர நட்டுக்கு 19 மி.மீ. சாக்கெட் வேண்டும், முறுக்க வேண்டிய அளவு 130 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. பிடியுள்ள ஸ்பேனரால் அந்த அளவை எட்ட ஏறத்தாழ 66 கிலோ எடையின் அழுத்தம் தேவை. அரை மீட்டர் பிடி இருந்தால் 27 கிலோகூட வேண்டாம், இரண்டு குடம் தண்ணீரின் எடைக்கும் குறைவு. வலிமை என்று நாம் பேசிக்கொண்டிருந்தது 30 செ.மீ. இரும்பைத்தான். பெண்களுக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் கருவிப் பெட்டிகளில் நான் பார்த்தவை எல்லாம் குட்டைப் பிடி கொண்டவை. சின்னக் கைக்குச் சின்னக் கருவி என்ற அந்தக் கரிசனம், அவளிடம் இரண்டரை மடங்கு பலத்தைக் கேட்கிறது. அவள் தோற்றதும் நட்டைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆகவே முதல் காசை நீளத்துக்குக் கொடுக்கலாம்: கழற்றுவதற்கு நீளமான ஒரு தண்டு, முறுக்குவதற்குத் தனியாக ஒரு டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்சால் கழற்றக் கூடாது, அதன் அளவு கெட்டுப்போகும். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது, தாங்கு ஸ்டாண்டுகளும் வேண்டும். இவற்றுக்குப் பிறகுதான் பளபளக்கும் ஜெர்மன் ஸ்பேனர்கள்.

டார்க் ரெஞ்ச் எனக்குப் பிடித்த கருவி. குறித்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லிவிடும்; அதற்குமேல் முறுக்குவது பலசாலியின் பிழை. 1968 முதல் 1977 வரை பெரும்பாலான 911களின் இன்ஜின் உறை மக்னீசியக் கலவையால் ஆனது. எடை குறைவு, ஆனால் மென்மையான உலோகம். 1974க்குப் பிந்தைய 2.7 லிட்டர் இன்ஜின்களில் சூட்டில் ஸ்டட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவது பேர்போன நோய். அத்தகைய உலோகத்தில் ஆவேசமாக முறுக்கினால் மரை போய்விடும். எதிர்த்துப் பேசும் பெண்ணை நம் ஊரில் மரை கழன்றவள் என்பார்கள். மரை தானாகக் கழல்வது அரிது, அளவு தெரியாமல் முறுக்கிய கை ஒன்று முன்னால் இருக்கும்.

வால்வு இடைவெளி சரிசெய்வது இன்னும் நுட்பம். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், இடைவெளி 0.1 மி.மீ. ஒரு 13 மி.மீ. ரிங் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், தாள் போல மெல்லிய ஃபீலர் தகடு. தகடு பிடித்தும் பிடிக்காமலும் நழுவ வேண்டும். இப்படிப் பன்னிரண்டு வால்வுகள். இதற்குப் பெண்ணின் மெல்லிய விரல்தான் பொருத்தம் என்று யாராவது புகழ்ந்தால் ஏற்க மாட்டேன். அதுவும் இளஞ்சிவப்புப் பெட்டிதான். பழகிய விரல் போதும்.

ஜெர்மன் காரைப் பயணத்தில் பழுதுபார்த்தவர்களின் கதை ஒரு பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்லிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ 100 கி.மீ. ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உரசியது, காலுறைப் பட்டையால் காப்பிட்டார். பிரேக் கட்டை தேய்ந்தது, செருப்புத் தைப்பவரைத் தோல் அடிக்கச் செய்தார். திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கார்லின் தொழிலில் போட்டவர். ஆனாலும் கணவரின் கண்டுபிடிப்புக்கு விளம்பரம் தேடித்தந்த துணிச்சல்காரி என்றே பல நூல்கள் அவரைச் சொல்லி முடிக்கின்றன. கணவர் வாக்கியத்தில் அவர் ஒரு ஊசி.

சென்ற பருவத்தில் ‘பெர்த்தாவால் வண்டி ஊர் சேர்ந்தது’ என்று கரும்பலகையில் எழுதி, ‘ஆல்’ எந்தப் பொருளில் வந்தது என்று கேட்டேன். கருவி என்று யாரும் சொல்லவில்லை. ஏவுதலா, இயற்றுதலா என்பதில்தான் சண்டை. ஊசியில் இயற்றுதல், தோலில் ஏவுதல் என்றாள் ஒரு மாணவி. அந்தச் செருப்புத் தைத்தவர் பெயர் என்ன அம்மா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.