ஆடியவர் எழுதிய வரலாறு

விளையாட்டைப் பற்றித் தமிழில் வருகிற எழுத்தைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, நேற்றைய ஆட்டத்தின் செய்தி. இன்னொன்று, நாயகனின் வாழ்க்கைக் கதை: வறுமை, அடகு போன அம்மாவின் நகை, முதல் கோல், கடைசியில் கோப்பை. இரண்டையும் நான் விரும்பி வாசிப்பவன்தான். ஆனால் மைதானத்தின் நிலம் யாருடையது, போட்டிக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யாரை உள்ளே விடவில்லை என்ற கேள்விகள் இவற்றில் வருவதில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கிற ஆய்வாளர்கள் பெரும்பாலும் பந்தைத் தொட்டவர்கள் இல்லை. ஆடியவர்களோ ஓய்வுபெற்றதும் பயிற்சியாளர் ஆவார்கள், வர்ணனைக்குப் போவார்கள், அல்லது தன்வரலாறு எழுதுவார்கள். ஜூல்ஸ் பாய்காஃப் இந்தக் கணக்கில் சேராதவர்.

பாய்காஃப் அமெரிக்காவின் 23 வயதுக்குட்பட்டோர் ஒலிம்பிக் கால்பந்து அணிக்காக ஆடியவர். போர்ட்லாண்ட் பிரைட், மின்னசோட்டா தண்டர் ஆகிய தொழில்முறை அணிகளிலும் இருந்திருக்கிறார். பிறகு முனைவர் பட்டம் முடித்து, ஓரிகன் மாநிலத்தின் பசிபிக் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறைப் பேராசிரியரானார். நடுவில் கவிதைத் தொகுப்புகளும் வெளியிட்டார். 2016இல் வெளிவந்த ‘பவர் கேம்ஸ்’ ஒலிம்பிக்கின் அரசியல் வரலாற்றைச் சொல்கிற நூல். பதக்கப் பட்டியலைத் தேடி இதைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒலிம்பிக்கை எதிர்த்தவர்களும், அதற்கு மாற்றாக வேறொன்றை நடத்திப் பார்த்தவர்களும்தான் இதன் மையம்.

அலீஸ் மிலியாவின் கதையைச் சொல்ல வேண்டும். தடகளத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று ஒலிம்பிக் கமிட்டி கதவைச் சாத்தியபோது, இந்தப் பிரெஞ்சுப் பெண்மணி 1922இல் பாரிஸில் பெண்களுக்கென்று தனியாக ஒரு போட்டியையே நடத்திக் காட்டினார். அந்த அழுத்தம் வேலை செய்தது. 1928இல் ஐந்து தடகளப் பிரிவுகள் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. 1936இல் ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்குக்கு மாற்றாக பார்சிலோனாவில் ஒரு மக்கள் ஒலிம்பிக் நடக்க இருந்தது. வீரர்கள் வந்து இறங்கிய நேரத்தில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது, போட்டி நடக்கவே இல்லை. 1976 குளிர்கால ஒலிம்பிக்கை டென்வர் நகருக்குக் கொடுத்தார்கள். கொலராடோ மக்களோ 1972இல் வாக்களித்து, ‘எங்க வரிப்பணம் இதுக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். அதே 1976இல் கோடைக்கால ஒலிம்பிக்கை நடத்திய மாண்ட்ரியல், அதன் கடனை அடைத்து முடிக்க 2006 ஆயிற்று.

இதெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்த எவரும் எழுதக்கூடியதுதான். ஆடியவரின் கை எங்கே தெரிகிறது என்றால், வீரரின் உடலை உழைப்பாகப் பார்க்கிற இடங்களில். 1912இல் பென்டாத்லான், டெகாத்லான் இரண்டிலும் தங்கம் வென்ற பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன் சிறிய பேஸ்பால் அணிகளில் சொற்பக் கூலிக்கு ஆடினார் என்பதற்காகப் பதக்கங்களைப் பறித்தார்கள். பணம் வாங்காமல் ஆடுவதே தூய்மை என்ற விதி, சொத்துள்ளவன் தனக்காக எழுதிக்கொண்ட விதி. இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. நம்ம பக்கத்தில் ‘பெரிய பிளேயர்’ ஆவதற்கு நெடுங்காலம் ஒரே அர்த்தம்தான்: ரயில்வேயிலோ, வங்கியிலோ, போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. திண்டுக்கல்லில் வலதுபுறத் தடுப்பாட்டக்காரனாகச் சில வருடங்கள் ஓடிய எனக்கும் வீட்டில் கேட்ட கேள்வி, “இதுல வேலை கெடைக்குமா?” என்பதுதான். அந்தக் கேள்வியை அற்பமானதாக நினைக்காத வரலாற்றாசிரியர் எனக்கு நெருக்கமானவராகிவிடுகிறார்.

நூலின் மையக் கருத்து ‘கொண்டாட்ட முதலாளித்துவம்’. பேரிடரைப் பயன்படுத்திக்கொண்டு தனியார்மயம் உள்ளே நுழைகிறது என்றார் நவோமி க்ளைன். திருவிழாவும் அதே மாதிரி ஒரு விதிவிலக்கு நிலைமையை உண்டாக்குகிறது என்கிறார் பாய்காஃப். அவசரம் என்ற பெயரில் வழக்கமான நடைமுறைகள் ஒதுங்கிக்கொள்ளும். செலவின் ஆபத்து அரசுக்கு, லாபம் தனியாருக்கு. ரியோவில் ஒலிம்பிக் பூங்காவை ஒட்டியிருந்த வில்லா ஆட்டோட்ரோமோ குடியிருப்பில் சில நூறு குடும்பங்கள் வாழ்ந்தன. போட்டி தொடங்கியபோது அங்கே நிலைத்திருந்தவை 20 குடும்பங்கள்.

இந்தக் கருத்தை நம்ம ஊரில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நான்கே மாத ஏற்பாட்டில் நடந்தது. நேப்பியர் பாலமே சதுரங்கப் பலகையானது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிப் பொதுச்சாலையில் ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. அதற்கு முன் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இரண்டாவது நிகழ்வுக்கு பாய்காஃபின் சட்டகம் கச்சிதமாகப் பொருந்துகிறது. முதலாவதில் அது இடிக்கிறது. செஸ்ஸுக்கு இடிக்க வேண்டிய குடிசை இல்லை, போட வேண்டிய தார்ச்சாலை இல்லை. கட்டங்களை வெறித்துக்கொண்டு நின்ற பள்ளிப் பிள்ளைகளின் கண்ணில் இருந்ததை ‘காட்சி மயக்கம்’ என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

என்னுடைய குறை இங்கேதான் தொடங்குகிறது. இந்த நூலில் சந்தோஷம் குறைவு. மைதானத்தில் நின்ற மனிதர் எழுதியதாயிற்றே என்று பக்கம் புரட்டினால், ஒரு நல்ல பாஸ் தரும் சிலிர்ப்பு அகப்படுவதில்லை. மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று விளக்குகிறார். மக்கள் ஏன் வந்து நிற்கிறார்கள் என்பது பாதி விளங்காமலே இருக்கிறது. மலைக்கோட்டையின் நிழல் இறங்குகிற நேரத்தில் நாங்கள் ஆடும்போது, தோல் ஷாப்பில் வேலை முடித்து வருகிற பெரியவர் ஒருவர் தவறாமல் கோட்டோரம் நிற்பார். எந்த டீமுக்கும் அவர் ஆதரவு கிடையாது. கேட்டால், “யாரு ஜெயிச்சா என்ன தம்பி, பந்து ஓடுறதப் பாத்தா ஒடம்பு வலி மறந்துபோகுது” என்பார். அவரையும் அதிகாரத்தின் வரலாறு கணக்கில் எடுக்க வேண்டும். ஏமாற்றப்படுகிறவராக மட்டும் அவரை எழுதினால் பாதி மனிதரைத்தான் எழுதியிருக்கிறோம்.

இதற்கு நேர் எதிர் திசையில் நிற்கிறது நோவி கபாடியாவின் ‘பேர்ஃபுட் டு பூட்ஸ்’ (2017). டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், கால்பந்து வர்ணனையாளர், 2021இல் மறைந்தார். 1948இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி இரண்டு பெனால்டிகளை வீணடித்து பிரான்ஸிடம் 2-1 எனத் தோற்றதும், 1962 ஜகார்த்தா இறுதியாட்டத்தில் தலைக்காயத் தையலோடு முன்களத்தில் இறங்கிய ஜர்னைல் சிங் கோல் அடித்ததும் இவர் உலகம். பாய்காஃபிடம் கிடைக்காத பிரியம் இதில் வழிகிறது. ஆனால் பிரியம் சில சமயம் கேள்வியை மழுப்பிவிடுகிறது. நிர்வாகிகளைக் கடிந்துகொள்கிறார், அமைப்பைத் தோண்டுவதில்லை.

தமிழுக்கு இரண்டும் சேர்ந்த ஒரு கை வேண்டும். பொருளுக்குப் பஞ்சமில்லை. இந்திய அணி கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 1960 ரோமில். அதில் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ் இருந்தார். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஒன்றரை மணி நேரப் பயணம். அந்த மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன். அந்தப் பெண்கள் எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்கள், ஷார்ட்ஸ் போட்டு ஓட வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்கினார்கள், கோப்பைக்குப் பிறகு எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? மிலியாவின் அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் எனக்கு இந்தக் கேள்விகள்தான் வரிசையாக வந்தன.

பழைய ஆட்டக்காரர்களின் வீட்டு இரும்புப் பெட்டிகளில் குழுப் படங்களும் சான்றிதழ்களும் பழுத்துக்கொண்டிருக்கின்றன. படத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து கேட்டால் ஸ்கோரைச் சொல்வார்கள். கூட ஆடியவர் கேட்டால் யார் பணம் கட்டினார்கள், யாரை ஏன் சேர்க்கவில்லை என்பதையும் சொல்வார்கள். முழங்கால் போன பிறகு என்ன செய்வது என்று யோசிக்கிற நம் வீராங்கனைகளில் ஒருவராவது வரலாற்றுத் துறையில் எம்.ஏ. சேர வேண்டும் என்பது என் ஆசை. சேர்ந்தால், அவர் கையில் முதலில் இந்த இரண்டு நூல்களையும் கொடுப்பேன்.