அரைப் பேர்: மலையக இலக்கியத்தை நாம் வாசிக்கும் விதம்

தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனியான ஓர் அர்த்தம் உண்டு. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழும் கூலிக் கணக்குத்தான் பேர். குறித்த அளவு கொழுந்து நிறுவையில் வராவிட்டால் அரைப் பேர். காலை தொடங்கி மாலை வரை மழையிலும் அட்டைக்கடியிலும் மலையில் நின்றவளுக்கும் அரைப் பேர்தான்.

ஹட்டனில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இந்தச் சொல்லைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறேன். சம்பள நாளில் கடன் கொப்பியோடு வருகிறவர்கள், "இந்த மாசம் அரைப் பேர் கூடிப்போச்சுங்க மொதலாளி" என்பார்கள். வாப்பா மிச்சக் கணக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார். அவர்கள் படியிறங்கியதும் கடையில் நிற்கும் யாராவது 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைப் போகிறபோக்கில் உதிர்ப்பார்கள். அதைக் கண்டித்தவர்கள் இல்லை. நானும் கண்டித்ததில்லை.

மலையக இலக்கியம் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கடை வாசல் எனக்கு ஞாபகம் வருகிறது. 'கண்ணீர்க் காவியம்', 'துயரத்தின் குரல்' என்று எழுதுகிறோம். இரக்கத்தில் குறை வைப்பதில்லை. ஆனால், அந்த எழுத்து எதைக் கோருகிறது என்று கேட்பதில்லை. நமது விமர்சனமும் அதற்கு அரைப் பேர்தான் போட்டிருக்கிறது.

அந்தக் கோரிக்கையின் பின்னணியைச் சுருக்கமாக நினைவுபடுத்துவது அவசியம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இம்மக்கள். 1911 குடிசன மதிப்பீடு அவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியாகப் பிரித்து எழுதியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு மூன்று படைப்புகளைப் பார்ப்போம். சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தன்னைத் தெரிவு செய்த மக்களின் வாக்கு பறிபோனதைக் கண்ணால் கண்ட கவிஞர். அவருடைய 'வீடற்றவன்' நாவலில் தொழிற்சங்கம் அமைக்க முனையும் தொழிலாளியின் கதை வருகிறது. லயன் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போய்விடும். ஆகவே உரிமை கேட்பவன் வீட்டைப் பணயம் வைத்தே கேட்க வேண்டும். தலைப்பில் இருக்கும் அரசியல் இதுதான். இதைச் சோகக் கதை என்று மட்டும் சொல்லி முடிப்பது நாவலைப் பாதியில் மூடுவதற்குச் சமம்.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' நிறுவைத் தராசைச் சுற்றி நடக்கிற கதை. ஒரு பெண் எடுத்த கொழுந்தின் நிறை மீது சந்தேகம் விழுகிறது. அவள் அழுது தீர்க்கவில்லை. தன் விரல்களாலேயே பதில் சொல்கிறாள். அவள் கேட்பது முழுப் பேர். உழைப்பின் மானத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கதைகள் ஈழத்து இலக்கியத்தில் அதிகம் இல்லை. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியோ தலைப்பிலேயே வழக்குத் தொடுக்கிறது. பாரதியின் சுதந்திரப் பாட்டை நினைவூட்டும் அத்தொடர், நாடற்றவர் என்று சட்டம் சொன்ன மக்களின் வாயில் எத்தகைய கேள்வியாக மாறுகிறது என்பதை நாம் போதியளவு பேசவில்லை.

பெயர் பற்றிய இந்தச் சண்டை நமது மலைகளுக்கு மட்டும் உரியதன்று. 1848 ஒப்பந்தத்தால் மெக்சிகோவின் வட நிலங்கள் அமெரிக்காவின் கைக்கு மாறின. அங்கே வாழ்ந்தவர்களும் பின்னர் கூலிகளாகச் சென்று சேர்ந்தவர்களும் இழிவாகப் பார்க்கப்பட்டனர். 'சிக்கானோ' என்பது அவர்களை இளக்காரமாகச் சுட்டிய சொல். 1960களில் இளைஞர்கள் அதையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் மூண்டபோது லூயிஸ் வால்டெஸ் தொழிலாளர்களையே நடிகர்களாக்கி லொறித் தட்டில் நாடகம் போட்டார். நம்மிடமும் அது நடந்திருக்கிறது. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரை அணிதிரட்டிய காலத்தில் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். சங்கமும் பாட்டும் சேர்ந்தே வளர்ந்தன. 'இந்தியத் தமிழர்' என்ற அரசாங்கப் பெயரை ஒதுக்கி 'மலையகத் தமிழர்' என்று தாமே பெயர் வைத்துக்கொண்டதும் அந்த வழியில் வந்ததுதான்.

டெலானோவில் இன்னொரு பாடமும் உண்டு. வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியவர்கள் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். சீசர் சாவேஸின் மெக்சிக்க வம்சாவளியினர் சில நாட்களில் வந்து சேர்ந்தார்கள். வேறு இனம், வேறு மொழி என்று ஒதுங்கி நிற்கவில்லை. நாம் எங்கே நின்றோம்?

அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரை (1866-1918) மலையக இலக்கியத்தின் முன்னோடி என்று மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். 'கண்டிக் கலம்பகம்' பாடியவர் அவர். பெருமை நியாயமானது. ஆனால், இலக்கிய வரலாற்றில் முதல் நாற்காலியைக் கேட்கும் நாம், அந்த மக்களின் வழக்கு என்று வரும்போது பார்வையாளர் வரிசைக்குப் போய்விடுகிறோம். 1949இல் வந்த சட்டத்தின் பெயரே 'இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம்' என்பதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்? இந்தியாவிலிருந்து வந்த நமது கடைக்காரர்களும் அதே விண்ணப்பப் படிவத்தைத்தான் நிரப்பினார்கள். 'இந்தியச் சோனகர்' என்ற குடிசன மதிப்பீட்டு வகை பின்னாளில் மறைந்தது. அந்த ஞாபகமும் நம்மிடமிருந்து மறைந்துவிட்டது.

நான் வாசித்த மலையகக் கதைகளில் முஸ்லிம் பெரும்பாலும் கடை முதலாளியாக அல்லது பொட்டணி வியாபாரியாகவே வருகிறார். இது குறையென்று நம்மவர் சிலர் சொல்வர். அவர்கள் கண்டதை எழுதினார்கள். கடைக்கு உள்ளே இருந்து அந்தக் கொப்பியை எழுத வேண்டியவர்கள் நாம். மாத்தளைப் பக்கத்து அல் அஸூமத்தின் 'வெள்ளை மரம்' போன்ற எழுத்துகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆயினும், கடன் கொடுத்தவனின் மனச்சாட்சியை விசாரிக்கும் ஒரு நாவலை நம்மில் ஒருவர் எழுதி நான் இன்னும் வாசிக்கவில்லை.

2023இல், இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் நடந்தார்கள். முன்னோர் காட்டு வழியே நடந்து வந்த பாதை அது. செய்தியைப் படித்த இரவு வாப்பாவின் பழைய கொப்பியொன்றை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் தோட்டத்தின் பெயர், லயன் இலக்கம், பாக்கித் தொகை. ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பல பக்கங்களில் ஒன்றும் இல்லை. வாப்பா நல்ல மனிதர்; யாரையும் நெருக்கியவரல்லர். என்றாலும் பெயர் எழுதத் தோன்றவில்லை. நமது விமர்சனம் அந்த வெற்றிடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.