காடும் கணக்கும்

பிரேசில் நாட்டுத் தேசிய விண்வெளி ஆய்வு நிலையம் 1988 முதல் ஆண்டுதோறும் அமேசான் காட்டழிவைச் செயற்கைக்கோள் படங்களால் அளந்து வருகிறது. காடழிவதால் எழும் கரியமில வாயுவைக் கணிக்க அந்நாடு 2014இல் ஐ.நா.வுக்கு அளித்த அடிப்படை அளவும் இக்கணக்கின் மேல் எழுந்ததே. படங்களை எவரும் பெற்றுச் சரிபார்க்கலாம். அதுவே இதன் உயிர்நாடி.

குறையும் உண்டு. 6.25 ஹெக்டருக்குக் குறைந்த வெட்டு ஆண்டுக் கணக்கில் ஏறாது. தீயில் நலிந்தும் நிற்கும் காடு முழுக்காடாகவே எண்ணப்படும். மரம் நின்றாலென்ன, எரிந்த கரி வானேறிவிட்டதன்றோ?

இவற்றினும் பெரிய குறை ஒன்று 2019இல் வெளிப்பட்டது. அதிபர் போல்சொனாரோ இக்கணக்கைப் பொய்யென்றார். நிலையத் தலைவர் ரிக்கார்டோ கல்வாவ் ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். தலைவரைக் காக்க அவ்வமைப்பில் அரண் இல்லை. ஆயினும் அளவை நிற்கவில்லை. நவம்பரில் வெளியான தொகை 2008க்குப் பிந்திய ஆண்டுகளில் மிகப் பெரியதாயிருந்தது.