வடுவைத் தேடும் படம்

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டிலிருந்து காரவள்ளிப் பாதையில் இறங்குகிறவர், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் சமவெளியைத் தொட முடியும். வலிப்புக்காக அப்படி இறங்கி வந்து எம்.ஆர்.ஐ. எடுத்தவர், 'படத்தில் ஒன்றுமில்லை' என்ற ஒற்றை வரியோடு மலையேறினால், அந்த வரியை எவ்வளவு நம்பலாம்? வலிப்பு அறுவையின் பலனை மூளைப் படத்தைக் கொண்டு முன்கூட்டிச் சொல்லும் முறையின் தரம் இங்கேதான் தெரியவரும்.

வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மாத்திரை கேட்பதில்லை. அவர்களில் சிலருக்கு அறுவை உதவும். மான்ட்ரியலில் மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்ற மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே வேலூர் சி.எம்.சி.யில் இதைச் செய்தார். அன்று ஸ்கேன் கிடையாது. இன்று பொட்டுக்குப் பின்னால், நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கித் தழும்பேறியிருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. வலிப்பின்போது மூளையின் மின்னலைகளைப் பதியும் வீடியோ இ.இ.ஜி.யும் அதே இடத்தைச் சுட்டினால், மண்டைக்குள் மின்முனை பதிக்காமலே பலரை அறுவைக்கு அனுப்பலாம். பலனும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-இல் மருத்துவர் ராதாகிருஷ்ணன் குழு தொடங்கிய வலிப்பு அறுவைப் பணி இந்த எளிமையின் பலத்தில்தான் வளர்ந்தது. ஏழை நாட்டுக்குப் படம் செய்த பெரிய உதவி இது.

ஆனால் வடு தெரியாதபோது படம் சொல்வதை அதே அளவுக்கு நம்ப முடியாது. ஜெர்மனியின் பான் நகரிலிருந்து 2002-இல் வந்த ஆய்வை எல்லா ஸ்கேன் மையங்களிலும் ஒட்டிவைக்க வேண்டும். வழக்கமான எம்.ஆர்.ஐ.யை வலிப்பில் தேர்ச்சி பெறாதவர்கள் பார்த்தபோது 39 விழுக்காட்டினரிடம்தான் வடு கண்டார்கள். வழக்கமான படத்தையே தேர்ந்தவர்கள் பார்த்தபோது அது 50 ஆனது. வலிப்புக்கென்றே மெல்லிய அடுக்குகளாக எடுத்த படத்தில் 91. ஆக, 'ஒன்றுமில்லை' என்ற வரி பல வேளைகளில் மூளையைப் பற்றியதல்ல. எடுத்த விதத்தையும் பார்த்த கண்ணையும் பற்றியது.

தெரிவதும் ஏமாற்றலாம். 1980-களில் நம் நோயாளிகளின் சி.டி. படங்களில் தென்பட்ட சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று கருதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூரில் மருத்துவர்கள் மாத்யூ சாண்டியும் ராஜசேகரும் திசுவை எடுத்துப் பார்த்தபோது, பலருக்கு அது நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி என்று தெரிந்தது. வேலூர் மாவட்டத்தில் பின்னர் நடந்த கணக்கெடுப்பில், வலிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு இதுவே காரணம். ஒரே மூளையில் அந்தக் கட்டி ஆறிச் சுண்ணமேறிய புள்ளியும் ஹிப்போகாம்பஸ் தழும்பும் இருந்தால், வலிப்பு எதிலிருந்து கிளம்புகிறது? படம் மட்டும் அதற்குப் பதில் சொல்லாது. மேலைநாட்டுப் படங்களில் பயின்ற கணினி நிரலும் சொல்லும் என்று நான் நம்பவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. அறுவை செய்துகொண்டவர்களின் படங்களிலிருந்தே அறுவையின் பலன் பற்றிய கணிப்புகள் பிறக்கின்றன. நகரத்து மையத்தின் வாசலையே எட்டாதவர் அந்தக் கணக்கில் இல்லை. கணிப்பும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு நிலையைத்தான் சொல்கிறது. லண்டனில் அறுவை செய்துகொண்ட 615 பெரியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், 5 ஆண்டுகளில் 52 விழுக்காட்டினரும் 10 ஆண்டுகளில் 47 விழுக்காட்டினருமே, நினைவு தப்பாத சிறு வலிப்பைத் தவிர வேறு வலிப்பின்றி இருந்தார்கள்.

அதற்காக அறுவையைக் கண்டு ஒதுங்கச் சொல்லவில்லை. டெல்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்த பிள்ளைகளில் 77 விழுக்காட்டினர் ஓராண்டில் வலிப்பிலிருந்து விடுபட்டார்கள்; மருந்து மட்டும் பெற்றவர்களில் 7 விழுக்காட்டினர். அறுவை செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடும் பின்விளைவுகள் நேர்ந்ததும் உண்மை. கைகால் பலவீனம் அவற்றுள் ஒன்று. அந்த விலையைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கும்போது, படத்தை மட்டும் பார்த்து 'வேண்டாம்' என்பது பெரும் தவறு. அறுவைக்கு வழி திறக்கவே படம் போதும், அடைக்கப் போதாது.

பொருத்தமான இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் உங்கள் வீட்டில் யாருக்கேனும் வலிப்பு நிற்கவில்லையா? அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு, வலிப்புக்கென்று தனிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.